விதை டிரம் டீசல்

துரைராசு வாங்கிய பழைய டீசல் பிக்கப் வண்டியை நீடாமங்கலத்தில் கிளப்பினால் மன்னார்குடியில் தூங்குகிற குழந்தை எழுந்துவிடும். ஊரெல்லாம் அவர் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தார். சிங்கப்பூரில் இருந்த மனைவி மங்களாம்பிகையிடம் இன்னும் ஒரு படி மேலே போனார். "கப்பல் மாதிரி இருக்கும் மங்களம். ஏறிப் படுத்தா நாகப்பட்டினத்துக் காத்து வரும்." பின்பக்கம் திறந்து கிடக்கிற வண்டியில் காற்று வராமல் என்ன செய்யும்?

மகள் ஈஸ்வரியின் பிரசவத்துக்குப் போயிருந்த மங்களம் இன்று திரும்புகிறாள். போய் ஏழு மாதம். துரைராசுவின் கணக்கில் எழுபது வருடம். இந்த ஏழு மாதத்தில் அவர் வைத்த ரசத்தைக் குடித்துப் பார்த்த காக்கைகள் குடும்பத்தோடு வேறு தெருவுக்குக் குடிபோய்விட்டன.

பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். முப்பத்துநாலு வருடம், ஊர்ப்பட்ட பேருந்து வந்ததையும் போனதையும் நிமிடம் பிசகாமல் எழுதினார். மங்களம் வந்து இறங்கிய ஒரு நாளில்கூட எதிரே போய் நின்றதில்லை. டியூட்டி. பிறந்த வீட்டிலிருந்து வந்தாலும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாலும் அவளே பையைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டுவாள். போன வாரம் போனில் சொன்னாள்: "நான் ஏர்போர்ட்டை விட்டு வெளிய வரும்போது நீங்க எதிர்ல நிக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

பதினொன்று பத்துக்குத் திருச்சியில் விமானம் இறங்கும். துரைராசு நாலு மணிக்கே குளித்துவிட்டார். வெள்ளைச் சட்டையை மூன்று தரம் மாற்றினார். மூன்றும் ஒரே மாதிரிதான். மகள் வீட்டில் வெற்றிலைக்குத் தடை என்று மங்களம் புலம்பியிருந்ததால், ஒரு கவுளி வெற்றிலையை ஈர வாழையிலையில் சுற்றிப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்தார். எட்டு மணிக்குக் கிளம்பினார்.

செங்கிப்பட்டிக்குச் சற்று முன்னால் வண்டி இரண்டு தரம் இருமி, ஓரமாகப் போய் நின்றது.

வண்டியை விற்ற கூத்தாநல்லூர் மெக்கானிக் மீரா உசேனுக்குப் போன் போட்டார்.

"பாய், வண்டி செத்துப்போச்சு."

"சாவலண்ணே, மூச்சு முட்டுது. மச்சினி மக நிக்காஹ்ல இருக்கேன். பிரியாணி இன்னும் வரல, அதனால பொறுமையாக் கேக்குறேன். டீசல் எங்க போட்டீங்க?"

"வீட்ல டிரம்ல இருந்துச்சு."

"எந்த டிரம்மு?"

துரைராசு வெற்றிலைப் பொட்டலத்தைப் பார்த்தார். "நீல டிரம்மு."

"விதை ஊறப்போடுவீங்களே, அதா?"

அதேதான். குறுவைக்கு விதை ஊறவைத்து முடிந்ததும் மங்களம் அந்த டிரம்மை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, வெயிலில் கவிழ்த்துவைப்பாள். இந்த வருடம் ஊறவைத்தவர் துரைராசு. தண்ணீரைச் சாய்த்துக் கொட்டியதோடு சரி. பதரும் உமியும் அடியில் ஒட்டிக் காய்ந்து கிடந்தன. தண்ணீர் இறைக்கிற எஞ்சினுக்கென்று வாங்கிய டீசலை அதன் மேலேயே ஊற்றிவைத்தார். நேற்று அதிலிருந்துதான் பிக்கப்புக்கும் வார்த்தார்.

"டேஷ்போர்டுல புது டீசல் பில்டர் ஒண்ணு போட்டுக் குடுத்தேனே?"

"இருக்கு பாய். முறுக்கு டப்பான்னு ரெண்டு தரம் தொறந்து ஏமாந்தேன்."

"பழசைக் கழட்டிட்டு அதை மாட்டுங்க. ரப்பர் வளையத்துல டீசல் தடவிக் கையால இறுக்குங்க. மேல பம்ப்பு இருக்கும், அமுக்குங்க. பிரியாணி வந்துருச்சுண்ணே."

பழைய பில்டர் அசையவில்லை. தரங்கம்பாடிக் கோட்டை கட்டின டேனிஷ்காரன் கையோடு இதையும் இறுக்கிவிட்டுப் போயிருக்க வேண்டும். துண்டைச் சுற்றி, வண்டியோடு மல்லுக்கட்டி முக்கால் மணி நேரத்தில் கழற்றினார். உள்ளேயிருந்து பழுப்புக் கூழ் வழிந்தது. அதில் ஒரு நெல் நாற்றாகி நின்றதாகப் பிறகு சத்தியம் செய்தார்.

புதியதை மாட்டினார். ஆயிரத்தெட்டு தரம் பம்ப்பை அமுக்கினார். சாவியைத் திருகித் திருகிப் பேட்டரி முனகத் தொடங்கியதுதான் மிச்சம்.

"காத்துத் திருகைத் தொறந்தீங்களா?" மறுபடி போன் போட்டதும் மீரா உசேன் மென்றுகொண்டே கேட்டார்.

"எந்தத் திருகு?"

மெல்லும் சத்தம் நின்றது. "அண்ணே, உள்ள மாட்டிக்கிட்ட காத்து எந்த வழியாப் போகும்? பம்ப்புப் பக்கத்துல சின்னத் திருகு இருக்கு, அதை லேசாத் தளர்த்திட்டு அமுக்குங்க. நுரை நின்னு வெறும் டீசல் வந்தாத் திருகை மூடுங்க. அப்புறம் அரை மணி நேரம் ஓய்வு. உங்களுக்கில்ல, பேட்டரிக்கு."

நுரை வந்தது; வந்துகொண்டே இருந்தது; ஒருவழியாக நின்றது. திருகை மூடி நிமிர்ந்தபோது தலைக்கு மேலே ஒரு விமானம் தாழ்ந்து மேற்கே போனது. மணி பதினொன்று ஐந்து. துரைராசு கறுத்த கையைக் கண்ணுக்கு மேல் வைத்து, அது வெள்ளைப் புள்ளியாகி மறையும்வரை பார்த்தார். எந்த ஜன்னல் என்று தெரிந்திருந்தால் கையாவது காட்டியிருக்கலாம்.

பேட்டரியின் ஓய்வு முடிகிற நேரத்தில் போன் வந்தது.

"என்னங்க, எங்க நிக்கிறீங்க? வெளிய வந்துட்டேன்."

வழியில் யானை மறித்துவிட்டது என்று சொல்ல நாக்கு தயாராகத்தான் இருந்தது.

"செங்கிப்பட்டில மங்களம். பில்டர் அடைச்சுக்கிச்சு. விதை டிரம்மைக் கழுவாம டீசல் ஊத்திட்டேன்."

அந்தப் பக்கம் பெட்டி வைத்த தள்ளுவண்டியின் சக்கரங்கள் உருண்டு போகிற சத்தம் கேட்டது.

"வெளிய ரோட்ல பஸ்ஸு போகுது. ஏறி வந்துரவா?"

எந்தப் பஸ், எத்தனை மணிக்கு, எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

"ஏறாத மங்களம்."

"சரி. மெதுவா வாங்க."

மூன்றாவது திருகலில் வண்டி உயிர் பெற்றது. மெதுவாக வரச் சொன்னாளே என்று, சைக்கிள்கள் முந்திப் போகிற வேகத்தில் ஓட்டினார். ஒன்றே காலுக்கு விமான நிலையம்.

மங்களம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். வெள்ளைச் சட்டை கறுப்பாகிவிட்ட அவரைப் பார்த்ததும் எழுந்தாள். ஆனால் அருகே வரவில்லை. பெட்டி வைத்த தள்ளுவண்டியைத் திருப்பி, வெளியே வரும் கதவை நோக்கித் தள்ளிக்கொண்டு போனாள்.

"உள்ள போகக் கூடாதும்மா," என்றார் காவலர்.

"உள்ள யாரு போறா? இங்கேருந்து வரணும், அவ்வளவுதான்," என்றவள், துரைராசுவைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அங்கே. கம்பிகிட்ட. போய் நில்லுங்க.

அவர் போய் நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். வேறு யாரும் வராத அந்தக் கதவுப் பக்கமிருந்து மங்களம் மெல்ல நடந்து வந்தாள். ஆயுசில் முதல் தடவையாகத் துரைராசு மணி பார்க்கவில்லை.

"வந்து ரொம்ப நேரமாச்சா?" என்று கேட்டாள்.

"எழுபது வருஷம்."

பொட்டலத்தை நீட்டினார். அவள் பிரித்து மோந்து பார்த்தாள். "டீசல் நாத்தம்." சொல்லிவிட்டு ஒன்றைக் கிழித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"டிரம்மைக் கவுத்தாவது வச்சீங்களா?"

"இல்ல."

"சரி, வண்டியை எடுங்க. போய்க் கழுவுவோம்."