குழந்தைவேல் மாஸ்டரின் வலது கை

குழந்தைவேல் மாஸ்டர் ஓய்வு பெற்றபோது விசில், நாற்காலி, வருகைப் பதிவேடு மூன்றையும் ஒப்படைத்துவிட்டார். வலது கையை மட்டும் நீச்சல் குளத்துத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஆறு மணி பேட்சில் எல்லோருக்கும் இது தெரியும். கை என் வயிற்றுக்கு அடியில்தான் இருந்தது. வயசான பிறகு நீச்சலுக்கு வருகிறவர்களை மாஸ்டர் அப்படித்தான் பிடித்துக்கொள்வார். உள்ளங்கையை அடிவயிற்றுக்குக் கொடுத்து, "விடலீங்க, விடலீங்க, புடிச்சுட்டுத்தான் இருக்கறேன்" என்பார். ஒருநாள் சொல்லாமல் எடுத்துவிடுவார். ஆள் தன் பாட்டுக்கு நீந்திக்கொண்டு போவார். என்னிடமிருந்து எடுப்பதற்குள் மாஸ்டருக்கு அறுபது முடிந்துவிட்டது.

என் பெயர் சென்னியப்பன். வயது ஐம்பத்து நான்கு. பெருந்துறை ரோட்டில் எடை மேடையில் வேலை. லாரி ஏறி நிற்கும், நான் எடை சொல்வேன். மூட்டுவலிக்கு நீச்சல் நல்லது என்று டாக்டர் அனுப்பினார். மூட்டுவலி போய்விட்டது. கை போகவில்லை.

புதிதாக வந்தவர் ரம்யபாரதி மேடம். முப்பது வயதிருக்கும். வந்த அன்றைக்கே நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார். முதுகு எங்கள் பக்கம். இரண்டு மாதமாக அப்படித்தான். தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டே சொல்லிக்கொடுப்பார்.

"மூணாவது லைன்ங்கண்ணா, இடது முட்டி மடங்குது."

மடங்கித்தான் இருந்தது.

"மஞ்சத் தொப்பிங்கண்ணா, வீட்டு நெனப்பு வேண்டாம்."

மஞ்சள் தொப்பிக்காரர் அழுதுவிட்டார். சரி, அது அவர் பாடு.

ஒரு திங்கட்கிழமை மேடம் கையை உயர்த்தினார். எல்லோரும் நின்றோம்.

"ஒரு கை அதிகமாக் கேக்குதே. யாருதுங்க?"

"குழந்தைவேல் மாஸ்டரோடதுங்க மேடம்" என்றேன்.

"நீங்க எதுக்கு வெச்சிருக்கீங்க?"

"நான் வெக்கலீங்க. அதுவா இருக்குது."

"என் பேட்ச்ல ஆளுக்கு ரெண்டு கைதானுங்கண்ணா. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆபீஸ்ல குடுத்துட்டு ரசீது கொண்டாங்க. இல்லீன்னா பெஞ்சு."

பெஞ்சுக்குப் போனவர்கள் திரும்புவதில்லை. பேங்க் மேனேஜர் ரத்தினசபாபதி போன மாதம் போனார். இப்போது சுவரில் மிதவை ட்யூபாகத் தொங்குகிறார். ஆரஞ்சு நிறம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மனைவி வந்து ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போகிறார். நல்ல மனிதர். லோன் விஷயத்தில்தான் கொஞ்சம் இழுத்தடிப்பார்.

ட்யூபாகத் தொங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கையைக் கொடுக்கத்தான் மனசு வரவில்லை. என் மனைவி கல்யாணி இறந்து மூன்று வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு என்னைத் தொட்டது இரண்டே பேர். ஒருவர் முடி வெட்டுகிறவர். இன்னொன்று இந்தக் கை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காலையில் நான் எழுந்திருப்பதே இதற்காகத்தான். மற்றபடி எனக்கு ஒன்றும் உறைப்பதில்லை. சோறு சுடுகிறதா, ஆறிவிட்டதா என்றுகூடத் தெரிவதில்லை.

செவ்வாய்க்கிழமை, கொஞ்சம் தள்ளி இருக்கும்படி கையிடம் சொன்னேன். தள்ளிக்கொண்டது. நான் மூழ்கினேன். குளம் ஐந்தடிதான். அன்றைக்கு நாற்பதடி இருந்தது. அடியில் முன்னே மூழ்கினவர்கள் வரிசையாக நின்றார்கள். கடைசியில் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

"டோக்கன் வாங்கியாச்சுங்களா?"

"இல்லீங்க."

"அப்பறம் இங்க என்ன பண்றீங்க? மேல போங்க."

மேலே வந்தேன். கை பழைய இடத்துக்கு வந்து ஒட்டிக்கொண்டது. அப்பாடா என்றிருந்தது.

புதன்கிழமை மூலப்பாளையத்தில் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவில் இருபது நிமிடம் நடக்க வேண்டியிருந்தது. மாஸ்டர் இடது கையால் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சட்டையின் வலது கையை மடித்து ஊக்கு குத்தியிருந்தார்.

"வாங்க, நாலு கிலோ" என்றார்.

"அறுபத்தேழுங்க." எடை விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

"அது நீங்க. என் கைல விழுகறது நாலுதான். ஆறேகாலுக்கு நீங்க எறங்குனா எனக்கு இங்க தெரியுமுங்க. நேத்து ஒரு நிமிசம் ஒண்ணையும் காணோம். பயந்தே போயிட்டேன்."

"அடிக்குப் போயிருந்தேனுங்க."

"வரிசை இருக்குதா இன்னும்?"

"இருக்குதுங்க."

அவர் தலையாட்டினார். சட்னியைத் தொட்டு இன்னொரு வாய் போட்டுக்கொண்டார்.

"தோள்பட்டை கழண்டு விழுகற மாதிரி வலிக்குது. ஞாயித்துக்கிழமை பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கறேன். எடது கைல அட்சதை போட முடியுங்களா, சொல்லுங்க?"

"அப்பறம் ஏனுங்க எடுத்துக்கலை?"

"எடுக்கலாம்னு வெரலை அசைச்சா நீங்க மூச்சப் புடிச்சுக்கறீங்க. எப்படி எடுக்கறது?" தட்டை ஓரமாக நகர்த்தினார். "பொய் எதுக்குங்க சொல்லோணும். ரெண்டு மாசமா நாலு கிலோதான். மிச்சத்த நீங்களேதான் சொமக்கறீங்க. நான்தான் விடலை. வீட்ல சும்மா உக்காந்திருக்கற மனுசனுக்கு நாலு கிலோ பெரிய விசயமுங்க."

தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன். திரும்பும்போது கூடத்திலிருந்து வாசல் இரண்டே எட்டு.

வெள்ளிக்கிழமை தண்ணீருக்குள் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அதுவும் குலுக்கியது. துண்டில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் வைத்து, மொபெட்டில் மூலப்பாளையம் கொண்டுபோனேன். மாஸ்டர் ஊக்கைக் கழற்றிவிட்டு மாட்டிக்கொண்டார். முதல் வேலையாக மூக்கைச் சொறிந்தார். பிறகு என் தோளில் தட்டினார். வெளியில், காய்ந்த இடத்தில், அந்தக் கை என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அழுகை வரும்போல இருந்தது. வரவில்லை.

குளத்து ஆபீசில் கிளார்க் அங்கமுத்து இருந்தார். பதிவேட்டில் விரலை வைத்துப் படித்தார். "வலது கை. ஒன்று. தண்ணீரில் உள்ளது. எங்கீங்க அது?"

"மாஸ்டர்கிட்டயே குடுத்துட்டேனுங்க."

"அட என்னங்க நீங்க! மாஸ்டர்தான் ரிட்டயர் ஆனாரு. கை ஆகலையே. கைக்கு இன்னும் பதினோரு வருசம் சர்வீஸ் இருக்குது."

"இப்ப என்னுங்க பண்றது?"

"எனக்கு ஒரு வலது கை வரோணும்."

"யாரோடதா இருந்தாலும் பரவால்லீங்களா?"

அவர் படிவத்தின் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "யாருதுன்னு எழுதறதுக்குக் கட்டமே இல்லீங்க."

என்னுடையதைக் கொடுத்தேன். வலிக்கவில்லை. மூன்று வருடமாக மரத்துப்போய்க் கிடந்ததுதானே. இடது கையால் போட்ட கையெழுத்து ஒத்துவரவில்லை என்றார். நல்லவேளை, ரேகை வைப்பது இடது பெருவிரல்தான். வைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டேன். அங்கமுத்து என் கையைக் கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டார். அது ஏழு மணி பேட்ச் பக்கமாக நகர்ந்து போனது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேடம் ரசீதை முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி வாங்கினார். "எறங்குங்கண்ணா."

இறங்கினேன். அடியில் ஒன்றும் இல்லை. வெறும் தண்ணீர். வயிறு சில்லென்றிருந்தது. காலை அடித்தேன்.

"ஒரு கை கொறையுது" என்றார் மேடம்.

"ஆமாங்க மேடம்."

"முன்ன அதிகமா இருந்துது."

"ஆமாங்க மேடம்."

சுவரையே பார்த்துக்கொண்டு யோசித்தார். "பரவால்லீங்கண்ணா. நேராப் போங்க."

ஒற்றைக் கையால் நீந்தினால் வட்டமாகத்தான் போகும். வட்டமாகப் போனேன். மூழ்கவில்லை. வரிசையில் நின்றவர் கீழிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். ரத்தினசபாபதி ஆணியில் லேசாக ஆடினார். பாராட்டாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்தில் மாஸ்டர் வலது கையால் அட்சதை போட்டார். நான் இடது கையால் போட்டேன். அதுவும் பெண்ணின் தலையில்தான் விழுந்தது.

திங்கட்கிழமை ஏழு பத்துக்கு எடை மேடையில் ஒரு லாரி ஏறி நின்றது. அப்போது இல்லாத என் வலது உள்ளங்கையில் பாரம் விழுந்தது. ஈரமான வயிறு. தொப்புள் பக்கத்தில் படபடவென்று துடித்தது. ஆண். ஐம்பதுக்கு மேல். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவுங்கண்ணா?" என்றார் டிரைவர்.

"அறுபத்தொண்ணு."

"அறுபத்தொரு டன்னா? ஏனுங்கண்ணா, தேங்கா மட்டைதான் ஏத்திருக்குது!"

அன்றைக்கு மதியம் சோறு சுட்டது. இடது கை விரல்களை உதறிக்கொண்டே சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் பாரம் நாற்பதுக்கு இறங்கியது. அதற்கடுத்த வாரம் இருபத்திரண்டு. பிறகு ஒன்பது. அந்த ஆள் யாரென்று எனக்குத் தெரியாது. நான் ஆறு மணி, அவர் ஏழு மணி. அவர் வயிறு எப்போது பசியோடு இருக்கிறது, எப்போது இருமல் வரப்போகிறது என்பதெல்லாம் தெரியும். ஒருநாள் அவர் தண்ணீருக்குள்ளேயே சிரித்தார். எதற்கென்று தெரியவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது.

இப்போது மூன்று வாரமாக நாலு கிலோவில் நிற்கிறது. அவர் நீந்துகிறார். அது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். தோள்பட்டை வலிக்க ஆரம்பித்திருக்கிறது. கையை எடுத்துவிட வேண்டியதுதான்.

இன்று ஏழு பத்துக்கு எடுத்தே விடுவது என்று மெதுவாக விரலை அசைத்தேன். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"விடலீங்க, விடலீங்க" என்றேன். "புடிச்சுட்டுத்தான் இருக்கறேன்."

லாரியிலிருந்து டிரைவர் எட்டிப் பார்த்தார். "எதைங்கண்ணா?"