எல்லா வரிகளிலும் என் பெயர்

1.

இந்தக் கதை ஒரு பாராட்டிலிருந்து பிறந்தது. அந்தப் பாராட்டு எனக்குரியதல்ல. முதலில், "எங்கள் கொச்சபம்பா நகரில் மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில்..." என்று தொடங்கிப் பார்த்தேன். மழையே இல்லை. அதற்குப் பின்னால் ஒளியப் பார்த்திருக்கிறேன்.

2.

நாங்கள் நால்வர் சேர்ந்து ஒரு வங்கிக்கு இணையத் திரைகள் எழுதுகிறோம். நிரல் வரியை உள்தள்ள ஒருவருக்கு டேப் விசை, இன்னொருவருக்கு இரண்டு இடைவெளி. எல்லோருக்கும் ஒரே விதி வேண்டுமென்று, போன வாரம் ஒரு முற்பகலில் சால்தேன்யா என்ற இறைச்சி அடைத்த பலகாரம் தின்னப் போன கடையிலேயே வாக்கெடுத்தோம். கடிக்கும்போது உள்ளிருக்கும் சாற்றைத் தட்டில் சிந்தியவருக்கு வாக்கில்லை; எங்கள் மேசை வழக்கம் அது. டேப் கட்சிக்காரி ரோஸ்மெரி சிந்திவிட்டாள்; என் இரண்டு இடைவெளி வென்றது.

"சரி, ஜெயிச்சுட்டீங்க இஞ்சினியரே. ஆனா நான் எழுதினதையெல்லாம் நீங்களே மாத்திக்குங்க. என் கையால நான் செய்யமாட்டேன்."

(முந்தைய வரைவில் அவளைக் கோபக்காரியாக்கியிருந்தேன். அப்படி இருந்தால் எனக்கு வசதி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.)

3.

மாற்றினேன். ஒழுங்குபடுத்தும் கருவியை எல்லாக் கோப்புகள் மீதும் ஒரே மூச்சில் ஓடவிட்டேன். மாறியது இடைவெளி மட்டும்தான். ஆனால் எந்த வரியை யார் எழுதியது என்று காட்டும் பதிவில், எல்லா வரிக்கும் என் பெயர் ஏறிக்கொண்டது. இந்த ஒரு மாற்றத்தைக் கணக்கில் எடுக்காதே என்று அந்தப் பதிவுக்குக் குறித்துவைக்கலாம். மறந்துவிட்டேன்.

அதுவரை வெறும் மறதி.

ரோஸ்மெரியின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாமா என்று மேலாளர் லிம்பெர்ட் இன்று அந்தப் பதிவைத் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பணம் அனுப்புற திரை முழுக்க நீங்கதானா? பிரமாதம். அப்போ அந்தப் பொண்ணு இவ்வளவு நாளா என்னதான் பண்ணுச்சு?"

நான் [திகைத்துப் போனேன். இல்லை. எனக்குத் தொண்டை அடை... அதுவுமில்லை.] புன்னகைத்தேன்.

4.

இந்தக் கதைக்கு எழுதிப் பார்த்த ஒரு முடிவில், லிம்பெர்ட் தாமாகவே பதிவில் ஒரு படி பின்னால் போகிறார். அந்தத் திரையை எழுதிய ரோஸ்மெரியின் பெயர் அங்கே அழியாமல் இருக்கிறது. நிஜத்தில் போகமாட்டார். மதியத்துக்குள் முடிவுசெய்து கையெழுத்திட வேண்டுமாம். இன்னொன்றில், ரோஸ்மெரியே கண்டுபிடித்து என்னை மன்னிக்கிறாள். அதை ரசித்து ரசித்து எழுதினேன்; படித்தபோது கூசியது, அழித்துவிட்டேன்.

பக்கத்து நாற்காலியிலிருந்து அவள் எட்டிப்பார்க்கிறாள்.

"ரொம்ப நேரமா தட்டுறீங்களே, இன்னொரு விதியா?"

இல்லை, கதை என்றேன். நல்லா வந்தா காட்டுங்க என்றாள்.

5.

இந்தப் பகுதியில் நான் எழுந்து லிம்பெர்ட்டின் அறைக்குப் போக வேண்டும். மதியம் இன்னும் ஆகவில்லை. நானோ இந்த வாக்கியத்தைச் சீர்செய்துகொண்டு

மீதியை நீங்கள் எழுதுங்கள். அதில் என்னை நல்லவனாக்க வேண்டாம். அவள் பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.