மந்தம் அண்ணனின் ரத்தம்

ஆம்புலன்ஸ் ஓட்டும் அண்ணனுக்கு 'மந்தம்' என்று பெயர் வைத்ததே ரத்த வங்கிதான். அவர் ரத்தம் பாசிட்டிவ் வகைதான், ஆனால் பாசிட்டிவா நெகட்டிவா என்று காட்டும் ஆன்டி-டி மருந்தில் கலந்தால் அது மற்றவர்களுடையதைப் போல மாதுளை முத்தாகத் திரளாது, மெல்லிய மணலாகத்தான் ஒதுங்கும். அதனாலேயே அவர் தேவைப்பட்டார். மருந்து வீரியம் குறைந்தால் மற்றவர்களின் திடமான ரத்தம் அப்போதும் திரண்டு அதை மூடி மறைத்துவிடும். மந்தமான ரத்தம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். இல்லையென்றால் மந்தமான பாசிட்டிவ் பை ஒன்று நெகட்டிவ் என்று பெயர் வாங்கி, நெகட்டிவ் நோயாளிக்கே போய்விடும். காலையில் விரலை நீட்டி ஓரிரு சொட்டு கொடுத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்.

அன்று அவரைக் காணோம். ரத்த வங்கியின் சோதனை மேசை முன் பரிசோதகரான அவள் தனியாக நின்றாள். மாடியில் பிரசவ அறுவை அறையில் அவள் தங்கை. நெகட்டிவ் வகை, ரத்தப்போக்கு நிற்கவில்லை. கிடைத்த ஒரே பைக்கு மற்ற சோதனைகளெல்லாம் முடிந்துவிட்டன. வகையை உறுதிசெய்து, பொருத்தம் பார்த்து அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

தங்கையின் கணவர் போனில் கூப்பிட்டார். "அக்கா, ரத்தம் எங்கேன்னு மறுபடியும் கேக்குறாங்க."

"இதோ மாப்பிள்ளை. அக்கா கீழதான் நிக்கிறேன்னு அவகிட்ட சொல்லுங்க."

புதிதாகத் திறந்த ஆன்டி-டியில் தன் பாசிட்டிவ் ரத்தத்தையே விட்டுப் பார்த்திருந்தாள். மாதுளை முத்துதான். இது போதாதா என்றது மனம். கேட்க ஆளும் இல்லை. அவள் கை பையின் மாதிரிக் குழாயை நோக்கிப் போனது.

கதவு திறந்தது. நீட்டிய விரலோடு மந்தம் அண்ணன்.

"டயர் மண்டையப் போட்டுடுச்சும்மா. சீக்கிரம் குத்து. என் மாமியாரே வாரத்துக்கு ஒரு தடவைதான் ரத்தம் குடிப்பாங்க, நீ தினமும்."

இன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. குத்தினாள். சுழற்றிய குழாயைச் சாய்த்தாள். சிவப்புத் தண்ணீர் மாதிரி வழுக்கி ஓடியது; ஒரு மணல்கூட இல்லை. மறுபடி செய்தாள். அதேதான்.

"முகம் ஏம்மா இப்படி வெளுக்குது? நான் செத்துட்டேனா?"

"நீங்க நல்லாத்தான் இருக்கீங்கண்ணே. பாட்டில்தான் செத்துப்போச்சு."

அந்தப் பெட்டியையே ஒதுக்கிவிட்டு வேறு பெட்டியிலிருந்து ஒன்றைத் திறந்தாள். மணல் வந்தது. பிறகுதான் பையைத் தொட்டாள். நெகட்டிவ்; தங்கைக்குப் பொருந்தியும் விட்டது.

"கொடும்மா, லிஃப்டுக்கெல்லாம் நிக்க முடியாது" என்று பையை வாங்கியவர் படிகளில் ஓடினார். "மந்தம்னு பேரு வச்சவன் வந்து பாக்கட்டும்."

மதியம் தங்கை கண் திறந்தாள். பெண் குழந்தை.

அழுது முடித்த பிறகுதான் அது அக்காவுக்கு உறைத்தது. பை உண்மையிலேயே நெகட்டிவ். அவள் அவசரப்பட்டிருந்தாலும் தங்கை பிழைத்திருப்பாள். அக்காவும் தான் செய்தது சரியென்றே நம்பியிருப்பாள். வீரியமிழந்த அந்த மருந்துப் பெட்டி குளிர்பெட்டியிலேயே இருந்திருக்கும், நாளை வரப்போகும் வேறு யாரோ ஒருத்தியின் தங்கைக்காக. பிழைத்தது தங்கை மட்டுமல்ல என்று தோன்றியது.

வண்டி நிறுத்துமிடத்தில் அவர் டயர் மாற்றிக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நன்றிண்ணே."

"படி ஏறினதுக்கா?"

"விரல நீட்டினதுக்கு."

அவர் மசி படிந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாளைக்கு இது வேணாம்மா. பக்கத்து விரல குத்து. இது பாவம்."