இழுவை

ஈரத்துணியின் நுனியைத் திரித்துக் கணவனின் நகக்கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள் அவள். ஆஸ்பத்திரியில் உடம்பைக் கழுவித்தான் கொடுத்திருந்தார்கள். விரல்களை யாரும் கவனிக்கவில்லை. நகங்களுக்கு அடியில் சிமெண்ட் இறுகிப்போயிருந்தது. கட்டைவிரலில் இருந்ததை எவ்வளவு தேய்த்தும் எடுக்க முடியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி குனிந்து காதருகே சொன்னாள். "உன் தம்பி வந்திருக்கான். கீழேயே நிக்கிறான். உன் வீட்டுக்காரரோட அண்ணன் மேல விட மாட்டேங்கிறார்."

அவள் எழுந்தாள். ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்ததில் கால் மரத்துப்போயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வீடு முதல் மாடியில். படிக்கட்டு ஒடுக்கமானது. ஒருவர் ஏறினால் எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அதன் நடுவில் கணவனின் அண்ணன் இரண்டு கைகளையும் சுவர்களில் ஊன்றி நின்றிருந்தார். கீழே, மெக்கானிக் பட்டறையில் போட்டிருந்த சட்டையோடு அப்படியே வந்துவிட்ட அவள் தம்பி.

"நல்லா ஓடிட்டிருந்த வண்டி," என்றார் அண்ணன். குரல் உயரவில்லை. "நோண்டி நோண்டி என் தம்பியக் கொன்னுட்ட. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மேல வர்ற?"



கணவனுடையது பிக்கப் வண்டி. தினமும் முட்டை அட்டைகளை ஏற்றிக்கொண்டு பக்கத்து நகரத்துக்குப் போய் வருவான். போக வர மொத்தமும் சமதளம். ஆறு நாள் ஓட்டம் வீட்டுக்கு, ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் டீசலுக்கு என்பான். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவன் வீட்டில் இருந்ததில்லை. அவள்தான் தம்பியைக் கூப்பிட்டு, வண்டி டீசல் குடிப்பதைக் குறைக்க வழியே இல்லையா என்று கேட்டாள்.

"இருக்கு," என்றான் தம்பி. "பின் ஆக்ஸில்ல இருக்கிற பல்சக்கர ஜோடிய மாத்திட்டா, அதே தூரத்துக்கு என்ஜின் கம்மியாத்தான் சுத்தும். ஆனா மேட்டுல இழுக்காதுக்கா. முட்டை ஏத்துற வரைக்கும் பிரச்சினை இல்ல. கனம் ஏத்தினா மூச்சு முட்டிரும்."

அவன் தள்ளிப்போட்டான். அவள் விடவில்லை, வாரத்துக்கு இரண்டு முறை போன் போட்டு நச்சரித்தாள். "அக்காவும் தம்பியுமா சேர்ந்து என் வண்டிக்கு ஆபரேஷன் பண்றீங்க. பொழைக்குமா?" என்று சிரித்தான் கணவன்.

மாற்றிய பிறகு நாலு நாளைக்கு வந்த டீசல் ஐந்து நாளைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் நின்றது. முதல் ஞாயிறு என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் எண்ணெய் போட்டான். அடுத்த ஞாயிறு மதியம் வரை தூங்கினான். ஒரு நாள் அவள் தலைக்குச் சாயம் பூசிவிடுகிறேன் பேர்வழி என்று காதுக்கும் சேர்த்துப் பூசிவிட்டான். பத்து நாள் அந்தக் கறை போகவில்லை. அப்படிப் பதினோரு ஞாயிறுகள்.

பன்னிரண்டாவது நேற்று. காலையில் அண்ணனிடமிருந்து போன். ஊரை ஒட்டிய மேட்டின் உச்சியில் அவர் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். கொத்தனார் காத்திருக்கிறார், சிமெண்ட் லாரி வரவில்லை, முப்பது மூட்டைதான் என்றார். "மேட்டுல இழுக்காதுண்ணே," என்று கணவன் சொன்னது அவள் காதில் விழுந்தது. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

பாதி மேட்டில் வண்டி திணறி நின்றது. கை பிரேக்கை இழுத்துவிட்டுப் பின்சக்கரத்துக்குக் கல் வைக்க இறங்கினான். பிரேக் பிடிக்கவில்லை, வண்டி பின்னால் உருண்டு அவன்மேல் ஏறியது. மேட்டின் உச்சியில் நின்று அதைப் பார்த்தவர் அண்ணன் ஒருவர்தான்.

"அத்தான்," என்றாள் அவள். "அவன விடுங்க. மாத்தச் சொன்னது நான்."

அவர் திரும்பவில்லை. "வண்டியப் பத்தி உனக்கு என்னம்மா தெரியும்."

"ஒண்ணும் தெரியாது. ஞாயித்துக்கிழமை அவரு வீட்ல இருக்கணும்னு நெனச்சேன்."

இன்னொரு வாக்கியமும் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் அவருடைய கால்சட்டை அவள் கண்ணில் பட்டது. நேற்றுப் போட்டிருந்ததேதான். முழங்கால் வரை சாம்பல் நிறத் தூசி. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அவர் கைகளைச் சுவரிலிருந்து எடுத்தார். நின்ற படியிலேயே உட்கார்ந்தார்.

"மேட்டுல இழுக்காதுன்னான்," என்றார் யாரிடமோ. "முதல் கியர்ல போட்டு ஏறுடான்னேன்."

மேலே யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"ஒரு தடவ மாமா முகத்தப் பாத்துட்டுப் போயிடறேன்," என்றான் தம்பி.

அண்ணன் முழங்கால்களை ஒரு பக்கமாக ஒடுக்கிக்கொண்டார். தம்பி சுவரை உரசிக்கொண்டு ஏறி வந்தான். உள்ளே போய்க் கணவனின் காலடியில் நின்றான். எண்ணெய்க் கறை படிந்த கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். படிக்கட்டில் இரண்டு பேர் பக்கவாட்டில் நிற்க இடமில்லை. மேலே ஒருவர், கீழே ஒருவர்தான் பிடிக்க முடியும். தலைப்பக்கத்தை அண்ணன் பிடித்தார். கீழே பிடிப்பவர் மேல்தான் முழுக் கனமும் இறங்கும். சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவனப் பிடிக்கச் சொல்லு," என்றார் அண்ணன்.

தம்பி வந்து கால்பக்கத்தை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டான். பின்னால் பார்க்க முடியவில்லை. பாதத்தால் துழாவித் துழாவி, முதுகு முன்னால் போக ஒவ்வொரு படியாக இறங்கினான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவள் மேல்படியில் நின்று அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் நாலு இருக்கு," என்றாள்.

அவன் ஒரு காலைக் கீழே வைத்தான். கனம் இறங்கி வந்து மார்பில் முட்டியது. தாங்கி நின்றான்.

"இன்னும் மூணு."