சபையில் சொல்லக் கூடாதது

கெசியா எங்கள் வீட்டு மாடி அறைக்குக் குடிவந்தபோது அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வர்ஜீனியாவில் தாடியஸ் கார்பெட் என்பவரின் புகையிலைப் பண்ணையிலிருந்து தப்பி, காடும் சதுப்புமாக நடந்து, இந்த ஏரிக்கரை ஊருக்கு வந்து சேர்ந்தவள். என் கணவர் ஆப்னர் துறைமுகத் தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். நான் கப்பல்களுக்கும் ஓட்டல்களுக்கும் துணி வெளுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நாங்களும் கறுப்பர்கள்தான். ஆனால் சுதந்திரமாகப் பிறந்தவர்கள். அடிமைத்தனம் எப்படிப்பட்டது என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும் என்ற நினைப்பு எங்களுக்கு இருந்தது. கெசியா என்னோடு சலவைத் தொட்டியருகே நின்று பேசத் தொடங்கிய பிறகு அந்த நினைப்பு போயிற்று.

அவள் குரலை உயர்த்தவே மாட்டாள். போர்வையின் ஒரு முனையை நானும் மறுமுனையை அவளுமாகப் பிடித்து முறுக்கும்போது, பக்கத்து வீட்டுச் சமாசாரம் போலச் சொல்வாள். அவளுடைய அம்மா ஃபெரிபிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்த அதே வாரத்தில், பண்ணை முதலாளியின் தம்பி மனைவி பிள்ளையைப் பெற்றுப்போட்டு இறந்துபோனாள். ஃபெரிபியைப் பெரிய வீட்டுக்குக் கூட்டிப்போய் அந்தப் பிள்ளைக்குப் பால் கொடுக்க வைத்தார்கள். அவளுடைய சொந்தக் குழந்தை குடிசையில் கிடந்தது. பன்னிரண்டு வயது கெசியா, வெல்லப்பாகில் நனைத்த துணியை அதன் வாயில் வைத்துச் சமாளித்துப் பார்த்தாள். குழந்தை தவழும் வயதைக் காணவில்லை. சேதி கேட்டு ஃபெரிபி அழுதபோது, அழுதால் பால் கெட்டுப்போகும் என்று எஜமானி அவளை அதட்டினாளாம்.

இன்னொன்றையும் சொன்னாள். அதைச் சொல்வதற்குப் பல வாரங்கள் ஆயின. கெசியாவுக்கு ரோடா என்று ஒரு மகள் இருந்தாள். தகப்பன் தாடியஸ் கார்பெட். கெசியாவிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அங்கே கேட்கும் வழக்கமில்லை. பிள்ளைக்கு அவருடைய சாம்பல்நிறக் கண், அவருடைய முகவாய். சாப்பாட்டு மேசையருகே நின்று விசிறி வீசும் வயது வந்ததும், விருந்துக்கு வருகிறவர்கள் பிள்ளையைப் பார்ப்பார்கள், பிறகு மேசைத் தலைமாட்டில் இருப்பவரைப் பார்ப்பார்கள், பிறகு தட்டைப் பார்ப்பார்கள். எஜமானியால் அதைத் தாங்க முடியவில்லை. ஒரு நாள் காலையில், கெசியா வயலில் இருந்த நேரத்தில், ஜார்ஜியாவுக்கு ஆள் பிடித்துப் போகும் வியாபாரியிடம் ரோடாவைத் தள்ளிவிட்டார்கள். அன்று பகல் சாப்பாட்டுக்குக் கெசியாவை வயலிலிருந்து வரவழைத்துப் பரிமாற வைத்தார்கள். சாப்பாடு முடிந்ததும் முதலாளி வேதம் வாசித்துக் குடும்ப ஜெபம் நடத்தினார். கெசியாவும் முழங்கால் போட வேண்டியிருந்தது.

எங்கள் ஊரில் அடிமை ஒழிப்புச் சங்கம் ஒன்று இருந்தது. அதன் செயலாளர் பிங்கம் மாவு மண்டிக்காரர். நல்ல மனிதர் என்று சொல்லத்தான் வேண்டும். ஓடிவந்தவர்களைத் தன் மண்டியில் ஒளித்துவைத்து, அடிமைத்தனம் இல்லாத ஏரியின் அக்கரை நாட்டுக்கு அனுப்பியிருக்கிறார். அவர்தான் கெசியாவை மேடையேற்றினார். சனங்கள் கேட்டார்கள், கைக்குட்டை எடுத்தார்கள். ஆனால் எதிர்க்கட்சிப் பத்திரிகை, இவள் ஊர்ப் பெயரோ முதலாளி பெயரோ சொல்வதில்லை, அடிமையாக இருந்தவள் இவ்வளவு கோவையாகப் பேசுவாளா, இது சங்கத்துக்காரர்கள் எழுதிக்கொடுத்த நாடகம் என்று எழுதியது.

பிங்கம் எங்கள் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தார். இனிமேல் பெயர்களைச் சொல்லிவிட வேண்டும் என்றார். நோட்டீசிலேயே அச்சடிக்கலாம் என்றார். ஆப்னர் அவருக்குப் போன வருடம் வந்த சட்டத்தை நினைவுபடுத்தினார். தெற்கத்தி முதலாளி எவனும் வடக்கே வந்து, இது என் அடிமை என்று கைகாட்டினால் போதும். பிடித்துக் கொடுக்க மறுக்கிற ஊர்க்காரனுக்கு அபராதம், சிறை. பிடிபட்டவர் தன் பக்கத்தை ஒரு வார்த்தை சொல்ல அந்த விசாரணையில் இடமில்லை. மேடையில் பேசு பேசு என்கிறார்கள், பேசித்தான் ஆகவேண்டிய இடத்தில் வாயைக் கட்டுகிறார்கள்.

"பேரைச் சொல்லலைன்னா பொய்க்காரி. சொன்னா ஓடிப்போன சொத்து. அவ எதைத்தான் சொல்லணும்ங்கறீங்க?" என்றார் ஆப்னர்.

இந்த ஊரில் எவனும் கை வைக்கத் துணியமாட்டான் என்று பிங்கம் உறுதி சொன்னார். கெசியா சம்மதித்தாள். பெயர் ஊரறிய வெளியே வந்தால், ரோடா எங்கே என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்ற நப்பாசைதான். அப்போது பிங்கம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சாட்டையடியைச் சொல்லும்மா. பட்டினியைச் சொல்லு. பொண்ணை வித்ததையும் சொல்லு. ஆனா அந்தப் பொண்ணுக்கு அப்பா யாருங்கறது மட்டும் வேண்டாம். சபையில பொம்பளைங்க இருப்பாங்க."

"நானும் பொம்பளைதானே ஐயா," என்றாள் கெசியா.

அவர் முகம் சிவந்தது. மடியிலிருந்த தொப்பிக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். போகும்போது, கமிட்டிப் பெண்கள் சிலர் அவளுடைய முதுகுத் தழும்பைத் தனியறையில் பார்க்க விரும்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு அவள் போகவில்லை. வாயை நம்பாதவர்களுக்கு முதுகைக் காட்டி என்ன ஆகப்போகிறது என்று என்னிடம் கேட்டாள்.

கூட்டத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. நாங்கள் கறுப்பர்கள் பின்வரிசைப் பெஞ்சுகளில் இருந்தோம். ஒழிப்புச் சங்கக் கூட்டத்திலும் எங்களுக்குப் பின்வரிசைதான். கெசியா பாதி சொல்லிக்கொண்டிருந்தபோது, நடுவிலிருந்து ஓர் இளைஞன் எழுந்தான். நல்ல உடுப்பு, நல்ல பதவிசு. தன் பெயர் லூசியன் கார்பெட் என்றான். நயாகரா பார்க்க வந்த இடத்தில், தன் பெரியப்பாவின் பெயரை நோட்டீசில் கண்டு வந்ததாகச் சொன்னான். பெரியப்பா சபை மூப்பர் என்றும், தாயில்லாத தன்னை வளர்த்தவர் அவர்தான் என்றும், அந்த வீட்டில் சாட்டையைத் தான் கண்ணால் பார்த்ததில்லை என்றும் நிதானமாகச் சொன்னான். அவன் பேச்சின் மரியாதையே கூட்டத்தை இளக்கிவிட்டது. முன்வரிசையில் சிலர் தலையாட்டுவது எனக்குத் தெரிந்தது.

"கெஸ்ஸி, நீயே சொல்லு. உனக்குக் காய்ச்சல் வந்தப்போ எங்க பெரியம்மா பக்கத்துல உக்காந்து சூப் ஊட்டலையா?"

பிங்கம் மேடையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. அவளை இவனுக்குத் தெரிகிறது, ஆகவே அவள் பொய்க்காரி இல்லை என்று ஊருக்கே நிரூபணமாகிவிட்டது அல்லவா. அவனுக்கு அவளைத் தெரிகிறது என்பதன் மறுபாதி அவருக்கு உறைக்கவே இல்லை. இவள் எங்கள் அடிமை என்று கைகாட்ட அவனுக்கு அதுவே போதும்.

"ஊட்டினாங்க சின்னய்யா. அது நாத்து நடுற நேரம்," என்றாள் கெசியா. "நான் ஒண்ணு கேக்கறேன். உங்களுக்குப் பால் குடுத்து வளத்தது யாரு?"

"ஃபெரிபி. உங்கம்மா. அவ மேல நாங்க எல்லாரும் உசுரா இருந்தோம்."

"கல்யாணமான பொம்பளைங்க இங்க நிறையப் பேர் இருக்கீங்க. பெத்தவளுக்குத்தானே பால் வரும். எங்கம்மா பெத்த பிள்ளை எங்க சின்னய்யா?"

அவன் தனக்குத் தெரியாது என்றான். அவன் பொய் சொல்லவில்லை. இருபத்துமூன்று வருடத்தில் அந்தக் கேள்வி ஒருமுறைகூட அவன் மனதில் எழுந்ததில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு கொதிக்கிறது.

"என் தம்பி அவன். பேர் வைக்கிற வரைக்கும்கூட இருக்கலை. நீ குடிச்சது அவன் பாலு."

'சின்னய்யா' அவள் வாயிலிருந்து போய்விட்டதை எல்லோரும் கவனித்தார்கள். அவன் முகம் கன்றிப்போயிற்று. நன்றி கெட்டவள் என்றான். ரோடாவைக்கூட நல்ல இடமாகப் பார்த்துத்தான் கொடுத்தார்கள், வீட்டில் அமைதி வேண்டும் என்பதற்காகத்தான் கொடுத்தார்கள் என்று வேகத்தில் சொல்லிவிட்டான்.

"வீட்டுல அமைதி ஏன் போச்சு? நீயே சபையில சொல்லு."

பிங்கம் எழுந்துவிட்டார். "போதும் கெசியா. உக்காரும்மா," என்றார்.

அவள் உட்காரவில்லை. "அவளுக்கு உங்க பெரியப்பா முகம். வீட்டுக்கு வந்தவங்க எல்லாருக்கும் தெரிஞ்சுது, உனக்கும் தெரியும். அவ உனக்குத் தங்கச்சி. உங்க வீட்டுப் பொண்ணைத்தான் சந்தையில வித்தீங்க."

முன்வரிசைப் பெண்கள் எழுந்து பாவாடையைத் திரட்டிக்கொண்டு வெளியேறினார்கள். சில கணவன்மார்கள், ஏதோ நாற்றம் பட்டுவிட்டதுபோல அவர்களை அணைத்துக் கூட்டிப்போனார்கள். பிங்கம் மேசையைத் தட்டி, ஒரு கீர்த்தனை பாடும்படி அறிவித்தார். வந்த கோபத்தில் நான் பெஞ்சின் மேல் ஏறி நின்றேன். எங்கள் வரிசையில் எல்லோருமே நின்றுகொண்டிருந்தார்கள், ஒருவரும் பாடவில்லை. பெற்ற மகளை விற்றவனைப் பற்றிக் கேட்டு அழலாம், அவன் பெற்றவன் என்று தெரிந்துகொள்வது மட்டும் அநாகரிகம். செய்தது அசிங்கமில்லையாம், சொன்னதுதான் அசிங்கமாம்.

மறுநாள் காலை லூசியன் கார்பெட் சவரம் செய்துகொள்ள வந்து உட்கார்ந்தது ஆப்னரின் நாற்காலியில். கெசியா யார் வீட்டில் இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது. ஆப்னரும் நாற்காலிகளில் ஒன்று என்பதுபோல, பக்கத்திலிருந்த நண்பனிடம் பேசிக்கொண்டிருந்தான். மதியத்துக்குள் அரசாங்கப் போலீஸ் அதிகாரியான மார்ஷலிடமிருந்து அவளைப் பிடிக்கும் உத்தரவு கைக்கு வந்துவிடும், ஊரே பார்க்க அவள் தானே ஒப்புக்கொண்டாளே, வேறு சாட்சி எதற்கு என்றான். ஆப்னர் நுரை தடவினார், நிதானமாக மழித்தார், கொதிக்கக் கொதிக்க ஒரு துண்டைப் பிழிந்து அவன் முகத்தில் போர்த்தினார். கண்ணைத் திறக்காமல் அசையாமல் இருந்தால்தான் தோல் மினுங்கும் என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியே ஓடிவந்தார்.

"கழுத்து என் கையில இருந்துச்சு லவிசா," என்றார் மூச்சு வாங்க. "அவன் கும்பிடற சாமி புண்ணியம், கத்தியை அழுத்தாம விட்டேன்."

அக்கரையிலுள்ள கிங்ஸ்டனுக்குப் போகும் நீராவிக் கப்பலுக்கு அன்று வெளுத்த துணி கொடுக்க வேண்டிய நாள். பக்கத்துத் தெருச் சலவைக்காரப் பெண்களையும் கூட்டிக்கொண்டேன். ஆளுக்கொரு மூட்டை தலையில். கெசியாவின் தலையில்தான் பெரிய மூட்டை. முகமே தெரியவில்லை. பட்டப்பகலில், மார்ஷல் அலுவலக வாசல் வழியாகவே நடந்தோம். வெள்ளைக்காரர்கள் வழிவிட்டார்கள். மூட்டை உடுப்பில் இடிக்கக் கூடாதே என்ற கவலை அவர்களுக்கு. கப்பலின் சமையல்காரர் எங்கள் சபையைச் சேர்ந்தவர். மூட்டைகள் உள்ளே போயின. கெசியா வெளியே வரவில்லை. நான் இறங்கும்போது என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

நான் வீடு திரும்பிய கொஞ்ச நேரத்தில் மார்ஷலும் ஆட்களும் வந்தார்கள், பின்னால் லூசியன் கார்பெட். மாடியைக் கலைத்தார்கள், தொட்டிகளைக் கவிழ்த்தார்கள், சோப்புத் தண்ணீர் வாசல்வரை ஓடிற்று. அவன் மட்டும் என் அருகில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டான்.

"அவ சொன்னாளே, அந்தக் குழந்தை விஷயம். அது நெசமா?"

"நெசம்தான்," என்றேன்.

அவன் ஈரத்தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு மனிதன் விழித்துக்கொள்கிறானோ என்றுகூட நினைத்துவிட்டேன். பிறகு அவன் திரும்பி, கரி போட்டிருக்கும் நிலவறையையும் பார்க்கச் சொல்லி மார்ஷலிடம் சொன்னான்.

அந்தக் குளிர்காலத்தில் பிங்கத்தின் சங்கம் கெசியாவின் கதையைச் சிறு புத்தகமாகப் போட்டது. முன்னால் மூன்று கனவான்கள், இவள் நம்பத்தக்கவள் என்று சான்றிதழ் எழுதியிருந்தார்கள். ரோடாவைப் பற்றி, 'அவளுடைய குழந்தையும் விற்கப்பட்டது' என்று ஒரே வரி. விற்றவன் யார், பெற்றவன் யார் என்பது இல்லை. பால் குடித்த கதையும் இல்லை. கிங்ஸ்டனில் யாரோ அதை வாசித்துக் காட்டியபோது, இது எந்தப் பாவப்பட்டவளின் கதை, என்னுடையது எங்கே என்று கேட்டாளாம்.

பிறகு அங்கே கறுப்பர் பள்ளியில் வாத்தியாராக இருந்த டிரான்டர் என்பவர், அவள் சொல்லச் சொல்ல ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். அவளே துணி வெளுத்துச் சேர்த்ததில் அச்சானது. மட்டமான காகிதம், சான்றிதழ் கிடையாது. சாம்பல்நிறக் கண், இடது மணிக்கட்டில் தீப்பட்ட வடு, சிரித்தால் விக்கல் வரும் என்று மகளின் அடையாளங்களைக் கடைசிப் பக்கத்தில் போடவைத்திருந்தாள். இரண்டு பத்திரிகைகள் அதைக் குடும்பங்களில் வைக்கத் தகாத நூல் என்று எழுதின. பிங்கம் வருத்தத்தோடு எங்கள் கடைக்கு வந்து, நாங்களாவது அவளுக்குச் சொல்லியிருக்கலாமே என்றார். ஆப்னர் அவருக்குச் சவரம் செய்துவிட்டு, சவரக் காசோடு கெசியாவின் புத்தகம் ஒன்றுக்கும் விலை வாங்கிக்கொண்டார்.

வடக்குக்கும் தெற்குக்கும் நடந்த போர் முடிந்து எல்லோரும் விடுதலையான வருடம், கெசியா ஜார்ஜியாவுக்குப் போனாள். கறுப்பர் சபை ஒவ்வொன்றிலும் ஆராதனை முடிந்ததும் அந்தக் கடைசிப் பக்கத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டாளாம். ரோடா இருந்தால் அப்போது முப்பதை நெருங்கியிருப்பாள். எந்தச் சபையிலும் அவளைப் பற்றித் துப்புக் கிடைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு சபையிலும் நாலைந்து பேர் எழுந்து தங்கள் பிள்ளைகளின் அடையாளங்களைச் சொல்லி, அடுத்த ஊரில் இதையும் சேர்த்து வாசிக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். கெசியா மறுக்கவில்லை. மேக்கன் ஊர்ப் பக்கத்தில் அவளைப் பார்த்துவிட்டு வந்த ஒரு போதகர் சொன்னார், எல்லாவற்றையும் வாசித்து முடிக்க இப்போதெல்லாம் வெகுநேரம் ஆகிறதாம், ஒருவரும் எழுந்து போவதில்லையாம்.