இருபத்தைந்து சென்டிமீட்டர்

லாரியைப் பின்னுக்கு எடுத்துக் குவாரிக் குளத்தின் சரிவில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்தார் லாரிக்காரர். பின்னால் தொட்டியில் ஐந்நூறு டிரவுட் மீன். தொட்டித் தண்ணீர் பதினோரு டிகிரி, குளத்துத் தண்ணீர் பதினாறு. அப்படியே குழாயைத் திறந்துவிட்டால் மீன் அத்தனையும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். குளத்துத் தண்ணீரை மோட்டார் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டிக்குள் ஏற்றி, இரண்டும் ஒரே சூட்டுக்கு வரும்வரை முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். மற்ற டிரைவர்களுக்கு அது தண்டனை. இவருக்கு வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசக் கிடைக்கிற நேரமே அதுதான்.

இன்றும் பாறை காலியாகக் கிடந்தது. இதோடு நாலாவது தடவை. இரண்டு மாதம்.

அது கிரேன்காரரின் பாறை. துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டி ஓய்ந்தவர். இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். சாக்கை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்து தூண்டிலை வீசிவிட்டு, லாரி வருவதற்குள்ளேயே வம்புக்குத் தயாராகிவிடுவார்.

"யோவ் லாரி, போன தடவை விட்டது மீனா, மீனோட நிழலா? ஒண்ணும் சிக்கலையே!"

"உன் மூஞ்சியப் பார்த்துட்டு அடியில போய்ப் படுத்துக்கிச்சு. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"இருபத்திரண்டு வருஷமா மீனைக் கொண்டாந்து கொட்டுறே. ஒரு நாளாச்சும் தூண்டிலப் புடிச்சுப் பாரேன்யா."

"வளக்கிற கை இது. புடிக்க வராது."

இப்படியே முக்கால் மணி நேரம் ஓடிவிடும். பெயரை ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதில்லை. வீடு எங்கே என்றும் கேட்டதில்லை. 'லாரி', 'கிரேனு' போதுமாக இருந்தது.

மீன் பண்ணைக்குப் பின்னால் ஒற்றை அறைக் குடியிருப்பு லாரிக்காரருடையது. மகள் பிரசவத்துக்குத் துணையாகப் போன மனைவி, பேரன் பள்ளிக்கூடம் போகிற வயதாகியும் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். சாப்பிட்டீங்களா என்பாள், சாப்பிட்டேன் என்பார், அதற்குமேல் இரண்டு பேருக்கும் விஷயம் இருக்காது. இராப்பகலாகப் பண்ணை மோட்டார் ஓடும் சத்தம்தான் அந்த அறையில் கூட இருப்பது.

குவாரிக் குளத்தின் கரையில் ஒரு கம்பம், அதில் தகரப் பெட்டி. தூண்டில் போட வருகிறவர்கள் தேதி, எத்தனை மீன், என்ன நீளம் என்று சீட்டில் எழுதி உள்ளே போட வேண்டும். அடியில் தூண்டில் உரிம எண்ணுக்கு ஒரு கட்டம், இஷ்டமிருந்தால் நிரப்பலாம். ஒரு பருவத்துக்கு ஐம்பது சீட்டாவது சேராத குளத்தில் அடுத்து மீன் விடமாட்டார்கள். சாலையோரப் பெரிய ஏரியில் வண்டி நிறுத்த இடமும் கழிப்பறையும் கட்டினார்கள். குவாரிக் குளத்துக்கு வந்துகொண்டிருந்த கூட்டம் அப்படியே அங்கே சாய்ந்தது. மிஞ்சியது கிரேன்காரர் ஒருத்தர்.

அவரும் காணாமல் போனதும் லாரிக்காரர் யோசித்தார். அவர் என்றைக்காவது திரும்பி வருவார். வரும்போது குளத்தில் மீன் இல்லையென்றால்? மீன் விட வேலையில்லை என்றால் லாரிக்கும் இந்தப் பக்கம் வேலையில்லை. அப்புறம் இரண்டு பேரும் எங்கே பார்த்துக்கொள்வது?

ஆகவே மோட்டார் ஓடுகிற நேரத்தில் வெற்றுச் சீட்டுகளை எடுத்து லாரிக்காரரே நிரப்பினார். இரண்டு பேனா வைத்துக்கொண்டார். சிலதை இடது கையால் எழுதினார். சிலதைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்தார். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் இத்தனை அக்கறை காட்டியிருந்தால் லாரி ஓட்ட வந்திருக்க மாட்டோம் என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொண்டார்.

மறுவாரம் மீன்துறை அதிகாரியம்மா கூப்பிட்டனுப்பினார்.

"உட்காருங்கண்ணே."

அந்த அறையில் அவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை. மேசைமேல் சீட்டுகள் பரப்பிக் கிடந்தன.

"குவாரிக் குளத்துல கூட்டம் எப்படி?"

"வர்றாங்க மேடம். ஏதோ… வர்றாங்க."

"அம்பத்தோரு சீட்டு. அதுல நாப்பத்தேழுல என்ன நீளம் தெரியுமா? இருபத்தஞ்சு. இருபத்தஞ்சு. மாறினா இருபத்தாறு. திரும்ப இருபத்தஞ்சு."

"நாம விட்ட அளவு அதுதானே மேடம்?" ஏற்றும்போது அளந்தவரே அவர்தான்.

"அதைத்தாண்ணே நானும் சொல்றேன்." அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "தூண்டில் போடறவன் எவனாச்சும் உள்ளதை உள்ளபடி எழுதுவானா? எங்கப்பா சாகிற வரைக்கும் தூண்டில் போட்டவர். ரெண்டு விரக்கடை வளராம ஒரு மீனும் எங்க வீட்டுக்கு வந்ததில்ல."

லாரிக்காரர் தன் காலணியில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவையாவது தூண்டிலைத் தொட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

"இந்த நாலு மட்டும் நெசம். முப்பத்திரண்டு, முப்பத்தஞ்சு, முப்பத்தாறு. ஒண்ணு நாப்பதாம்! உரிம எண்ணு வேற தைரியமா போட்டிருக்கார் மனுஷன்." சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "மிச்சத்தை யார் எழுதினதுன்னு நான் கேக்கல. கேட்டா மேல எழுதிப் போடணும். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அங்க நெசமா எத்தனை பேர் வர்றாங்க?"

"ஒருத்தர். ரெண்டு மாசமா அவரும் இல்ல."

அதிகாரியம்மா எழுந்துபோய்ச் சுவரில் மாட்டியிருந்த பட்டியலில் ஒரு கோடு போட்டார். அவ்வளவுதான். அங்கே போக வேண்டிய மீன் இனி ஏரிக்கு.

லாரிக்காரர் எழுந்திருக்கவில்லை. "மேடம், அந்த உரிம எண்ணுக்குப் போன் நம்பர் இருக்குமா?"

அதிகாரியம்மா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு கம்ப்யூட்டரைத் தட்டி, கைக்கு அகப்பட்ட பொய்ச் சீட்டு ஒன்றின் முதுகில் நம்பரை எழுதிக் கொடுத்தார். "நான் குடுத்ததா இருக்க வேணாம்."

அன்று மத்தியானமே அறைக்குப் போய், கதவைச் சாத்தி, நம்பரை அழுத்தினார். ஒரு பெண்குரல், "யாரு?" என்றது.

என்ன சொல்வது? "நான்… லாரி."

"லாரியா? நாங்க எந்த லாரியும் கூப்பிடலையே."

பின்னாலிருந்து கட்டைக் குரல் ஒன்று கத்தியது. "யாரும்மா, லாரியா? குடு, குடு, இங்க குடு!"

லாரிக்காரர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"யோவ், நம்பரை எங்கய்யா புடிச்சே?"

"நாப்பதுன்னு ஒரு புளுகு எழுதிப் போட்டியே, அதுல இருந்துச்சு உன் எண்ணு."

"புளுகா? நெசமா நாப்பதுய்யா! வாலை நீ பாத்திருக்கணும்."

குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்ததாம். தகடு வைத்திருக்கிறார்களாம். மகன் வந்து தன் ஊருக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டான். "ரெண்டாவது மாடி. நாப்பது டன்னு தூக்கினவனை இப்ப மகனும் மருமகளும் சேந்து தூக்குறாங்க. இனிமே அங்க வர்றதெல்லாம் ஆகாத காரியம்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் மூச்சு வாங்கினார். "குளத்துக்குப் போனியா? மீன் விட்டியா?"

ஜன்னலுக்கு வெளியே கழுவி நிறுத்திய லாரி. தொட்டி மூடி காய்வதற்காகத் திறந்து கிடந்தது.

"விட்டேன்."

"பாறையில எவனாச்சும் குந்திட்டானா?"

"எவனும் இல்ல. சும்மாத்தான் கெடக்கு."

"மீன் என்ன அளவு?"

"முப்பது இருக்கும்."

பண்ணை மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"முப்பதா?" என்றார் கிரேன்காரர் கடைசியில். "இருபத்தஞ்சைத் தாண்டி என்னிக்குய்யா உன் வாயில வந்திருக்கு?"

லாரிக்காரர் கையிலிருந்த சீட்டைத் திருப்பினார்; அதிலும் இருபத்தைந்துதான்.

"சரி விடு. முப்பதுன்னா முப்பது. நல்லா வளந்திருக்கு." குரல் தாழ்ந்தது. "அடுத்த தடவை விடறப்பவும் சொல்லு."

பதினைந்து நாள் கழித்து ஏரிக்கரையில் லாரியை நிறுத்தி மோட்டாரைப் போட்டுவிட்டார். சுற்றிலும் கூட்டம். எத்தனை மீன், எப்போது திறப்பீர்கள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். யாருக்கும் பதில் சொல்லாமல் கேபினுக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனைக் காதில் வைத்தார்.

"தண்ணி எத்தனை டிகிரி?" என்றார் கிரேன்காரர் எடுத்ததும்.

"பதினாலு. இன்னும் அரை மணி ஆவும்."

"என்னய்யா அங்க, யாரோ பேசற மாதிரி சத்தம்?"

லாரிக்காரர் வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்தார்.

"இங்க யாரு இருக்கா? காத்துதான்" என்றார்.

"ஆமா, அந்தப் பக்கம் காத்து ஜாஸ்தி" என்றார் கிரேன்காரர்.