மாறிலி யாரு சார்?

கணக்கு வகுப்பில் அவள் விடும் கொட்டாவி மூன்றாவது பெஞ்சில் கிளம்பி வகுப்பு முழுக்கத் தொற்றிக்கொள்ளும். அதனால் ‘கொட்டாவி’ என்றே அவளுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. பாவம், அவள் என்ன செய்வாள்? கணக்கு வாத்தியார் அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருந்தார்.

பொழுது போகாத ஒரு நாள், அம்மாவின் தையல் மிஷினுக்கு முட்டுக்கொடுத்திருந்த புத்தகத்தை உருவினாள். அக்கா கல்லூரியில் படித்துத் தலைமுழுகிய நுண்கணிதப் புத்தகம். மிஷின் கால் அழுத்தி அழுத்தி, பக்கங்களின் வலது ஓரத்தில் ஓட்டை விழுந்திருந்தது. முதலில் ஒரு மண்ணும் விளங்கவில்லை. வகையிடுவது தையலைப் பிரிக்கிற வேலை, தொகையிடுவது மறுபடி தைக்கிற வேலை என்று பிடிபட்டதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மிஷின்தான் ஆட்டம் கண்டது.

“புத்தகத்த எடுத்த இடத்துல வைடி! எல்லாத்துக்கும் ஒரு எல்லை இருக்கு!”

“எல்லாத்துக்கும் இல்லம்மா. சிலதுக்கு எல்லையே கிடையாதுன்னு இதுல போட்டிருக்கு.”

நல்லவேளை, அம்மா கையில் அப்போது கத்தரிக்கோல் இல்லை.

ஒரு நாள் வகுப்பில் மேசைக்கடியில் வைத்துப் படிக்கும்போது கையும் களவுமாக மாட்டினாள்.

“யாரும்மா சொல்லித் தர்றாங்க?” என்றார் வாத்தியார்.

“நானேதான் சார்.”

“அப்படியா! ஒரு கணக்கு தர்றேன். சரியா போட்டா வருஷம் முழுக்க இதையே படி. தப்புன்னா புத்தகம் எனக்கு.”

புத்தகம் போனால் மறுபடி கொட்டாவிதான் கதி.

“ரெண்டு எக்ஸைத் தொகையிடு.”

பூ, இவ்வளவுதானா! பலகையில் எக்ஸ் வர்க்கத்தை எழுதிவிட்டு, சாக்பீஸ் தூசியைத் தட்டினாள்.

“மாறிலி எங்கம்மா?”

அவள் வகுப்பைத் திரும்பிப் பார்த்தாள். “மாறிலி யாரு சார்? நம்ம கிளாஸ்ல அப்படி யாரும் இல்லையே?”

வகுப்பே வயிறு வலிக்கச் சிரித்தது. வாத்தியார் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவள் விடையோடு ஏழைக் கூட்டி எழுதினார். “இப்ப இதை வகையிடு.”

வகையிட்டாள். ஏழு மாயமாகி, அதே ரெண்டு எக்ஸ் வந்தது. நூறைக் கூட்டிப் பார்த்தாள். நூறும் போச்சு.

“சார்! எத கூட்டினாலும் தொலைஞ்சு போகுதே! திரும்பி வர்றப்ப, முன்னாடி என்ன இருந்துச்சுன்னு எப்படித் தெரியும்?”

“தெரியாது. ஏதோ ஒண்ணு இருந்திருக்கும்னு ஒத்துக்கிட்டு மாறிலின்னு போட்டு வைக்கிறோம்.”

அவர் புத்தகத்தைப் புரட்டி, ஓட்டைக்குள் விரலை விட்டார். ஒவ்வொரு வரியின் வாலிலும் இருந்த மாறிலியை மிஷின் கால் தின்றிருந்தது.

“இருந்தாலும் பந்தயம் பந்தயம்தான்” என்று புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் அதே புத்தகத்தின் வேறொரு பிரதியை அவள் முன்னால் வைத்தார். “என்னோடது. ஓட்டை கிடையாது. வகுப்புலயே படி. வாடகை என்னன்னா, கொட்டாவி விடக் கூடாது.”

“அப்ப எங்க பழைய புத்தகம் சார்?”

“எங்க வீட்டுக் கட்டிலுக்கு ஒரு கால் குட்டைம்மா. நேத்துதான் ஆடாம தூங்கினேன்.”

வீட்டில் அம்மா, வாத்தியார் தந்த புத்தகத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆடுகிற மிஷினையும் ஒரு பார்வை பார்த்தாள்.

“அளவு சரியாத்தான் இருக்கு” என்றாள்.

கொட்டாவி புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.